அண்ணன் வண்டியின் பின் டயர்

எங்கள் டயர்க்காரருக்கு டயர் மாற்ற ஆகும் நேரத்தைவிட அதைப் பற்றிப் பேச ஆகும் நேரம்தான் அதிகம். என் ஜெராக்ஸ் கடை அவர் பட்டறையை ஒட்டி இருப்பது நான் செய்த பாவம். ஒரு வண்டிச் சக்கரத்தைக்கூடக் கழற்றத் தெரியாத எனக்கு, டயரைப் பற்றித் தெரியாத விஷயமே இல்லை என்றாகிவிட்டது.

டயர்மேல் உள்ள ரப்பர் கட்டங்களைப் பட்டன் என்பார். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அங்கங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. பின் டயர் எப்போதும் முன் டயரை முந்திக்கொண்டு தேயும். வண்டியைத் தள்ளுகிற வேலை அதற்குத்தானே. ஓட்டாமல் வீட்டிலேயே பொத்திப் பொத்தி வைத்தாலும் தப்ப முடியாது. சில வருஷங்களில் ரப்பர் கெட்டித்துப்போய் பக்கவாட்டில் வெடிப்பு விட ஆரம்பிக்கும். "எவ்ளோ நாளைக்கு வரும்?" என்று கேட்பவர்களோடு மட்டும் சண்டைக்குப் போவார்.

"நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க வீட்டம்மாவக் கேளுங்க."

இன்னொரு கிறுக்கும் உண்டு. இன்னும் ஓடக்கூடிய டயரை மாற்றித் தரமாட்டார். "இதுக்கென்ன குறைச்சல்? நல்ல டயர மாத்த உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று திட்டித் திருப்பி அனுப்புவார். மாற்றிக் கொடுத்தால், வண்டியைக் கிளப்பும்போது எல்லோருக்கும் ஒரே பாட்டுதான்: "ரெண்டு மூணு நாள் மெதுவாப் போங்க. புது ரப்பர், மேல வழவழன்னு இருக்கும். மேல்தோல் தேயற வரைக்கும் திருப்பத்துல வண்டியச் சாய்க்காதீங்க." சிலர் அவர் முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர் தெருவில் இறங்கிக் கத்தி மீதியைச் சொல்லுவார்.

இவருக்கு ஒரு அண்ணன். தையல்காரர், கத்தரி பிடித்தால் துணி தானாகப் பிரியும் என்று பேர் வாங்கியவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, மிஷினை மிதித்து மிதித்துத் தம்பியை ஆளாக்கி, இந்தப் பட்டறையையும் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொள்வார்கள். அதுதான் அவர்களுடைய பாசம். திட்டாத நாளில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று அது கெட்டது. டயர்க்காரர் உள்ளே நுழையும்போதே வாசலில் நின்ற மாப்பிள்ளையின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பிறகு, கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, "மாப்பிள்ளை, உங்க பின் டயர் மொட்டை. இதுல எங்க பொண்ண உக்கார வைக்க முடியாது. நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அண்ணனுக்கு ஏற்கெனவே பதற்றத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க வந்தும் உன் கடைய விரிக்காத. போய் மொதல்ல கையக் கழுவு."

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டயர்க்காரர் காலையிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போயிருந்தார். நகத்துக்குள் ஏறிய டயர்க் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. முகம் சுண்டிப்போய்ப் பின்பக்கம் போனவர், குழாயைத் திறக்காமல் பின்வாசல் வழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்.

அதோடு பேச்சு நின்றது. கல்யாணத்துக்குக் கூப்பிட அண்ணி பட்டறைக்கே வந்தார். "கை இன்னும் கறுப்பாத்தான் இருக்கு அண்ணி" என்று சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கும் போகவில்லை. எனக்குக் கோபம் வந்து, "தூக்கி வளர்த்த பொண்ணு கல்யாணத்துக்குப் போகாம அப்படி என்னய்யா வீறாப்பு?" என்று கேட்டேன். என்னோடும் கொஞ்ச நாள் பேசவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அண்ணனே பட்டறைக்கு வந்தார். அப்போது தம்பி, டயர் மாற்றி முடித்த ஒரு மருந்துக் கம்பெனி ஆளுக்கு வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு அது முடியும்வரை ஓரமாக நின்றார். பிறகு டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டே, "பின் டயர மாத்தணும்" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவரைக் காக்க வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். எப்படியும் இப்போது திட்டு ஆரம்பிக்கும், திட்டு ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

டயர்க்காரர் வாயைத் திறக்கவில்லை. பழைய துணியை எடுத்து அண்ணனுக்குத் தெரிகிற மாதிரி கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றினார், புது டயரை மாட்டினார், காற்றடித்தார், செயினைச் சரிபார்த்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அண்ணன் ஹெல்மெட்டை மாட்டினார். கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப மாட்டினார், வார் சரியில்லை என்பதுபோல் மறுபடி கழற்றினார். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு இரும்புப் பட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் வண்டி விருட்டென்று கிளம்பிப் போனது. கல்லுளிமங்கன் என்று நான் மனதுக்குள் திட்டினேன்.

போகிற வழியிலேயே, தண்ணீர்த் தொட்டி பக்கத்துத் திருப்பத்தில் பின் சக்கரம் வழுக்கி அண்ணன் விழுந்துவிட்டார். தலைக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு நொறுங்கி, ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கத்தரி பிடிக்கிற கை அது.

ரோட்டில் மண் கிடந்தது, அதனால்தான் விழுந்தேன் என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். டயர்க்காரர் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வந்தார். ஒருநாள் என் கடைக்குள் வந்து நின்று, "மண்ணெல்லாம் இல்ல. நான் சொல்லல. ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சொல்றேன், அண்ணனுக்குச் சொல்லல" என்றார். பிறகு என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய், மூலையில் கிடந்த பழைய டயரைத் திருப்பிக் காட்டினார். பட்டன் மேட்டுக்கு மேலே நன்றாகவே நின்றது.

"இது இன்னும் நல்லா ஓடியிருக்கும். வேற யாராவதுன்னா திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். அண்ணன்கிட்ட வாயத் திறக்கக் கூடாதுன்னு பேசாமக் கழட்டிட்டேன்."

அவரைக் கிளப்பி அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி" என்றதோடு சரி. தையல் மிஷின்கள் துணி போட்டு மூடிக் கிடந்தன. அண்ணன் வெட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நழுவி நழுவி விழுந்தது.

"அண்ணா, நான் சொல்லியிருக்கணும்" என்றார் தம்பி.

"என்னத்த?"

"புது டயர் வழுக்கும்னு."

"அது எனக்குத் தெரியாதா? முன்னாடி நின்ன ஆளுக்கு நீ சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்."

"தெரிஞ்சுமாண்ணா அப்படிப் போன?"

அண்ணன் பந்தை மேஜைமேல் வைத்தார். "பழைய டயர் நல்லா இருந்ததும் எனக்குத் தெரியும். நல்ல டயர எதுக்கு மாத்தறன்னு நீ திட்டுவேன்னுதான் வண்டிய எடுத்துட்டு வந்தேன். நீ பேசாமக் கழட்டின. சரி, போறப்பவாவது மெதுவாப் போன்னு சொல்லுவியான்னு ஹெல்மெட்ட மாட்டி மாட்டிக் கழட்டினேன். நீ திரும்பக்கூட இல்ல. எனக்கும் கோபம் வந்துச்சு, முறுக்கிட்டேன்."

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டயர்க்காரர் மேஜை பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பவாவது திட்டேன்டா" என்றார் அண்ணன்.

டயர்க்காரர் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.