எபனேசரின் காது

எபனேசர் கும்மிடிப்பூண்டி இரும்பு உருட்டாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறுதோறும் சபையில் கிட்டார் வாசிப்பவர். கண்ணாடிக் குழல்களால் இயங்கும் தம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியை எந்தக் கருவியாலும் போலி செய்ய இயலாது என்று நம்பியவர். பாடகர் குழு டிஜிட்டல் ஆம்ப் வாங்கியபோது, "கண்ண மூடிக்கினே சொல்லுவேன், எது வால்வு, எது டூப்புன்னு" என்று சவால் விட்டார்.

அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, கீபோர்டு கலைஞர் ஷைனி ஒரே மெட்டின் கிட்டார் ஒலியை வால்விலும் டிஜிட்டலிலும் கணினி மென்பொருளிலும் ஒலிக்கச் செய்தாள்.

"மூணு தபாவும் ஒரே பொட்டியில வெச்சு ஏமாத்துறியா?" என்றார் எபனேசர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷைனி சிரிக்கவில்லை. "அண்ணே, கம்ப்யூட்டர்ல வேணும்னே கீச்சு சத்தத்தக் கூட்டி வெச்சேன். எங்களுக்குக் காதே கூசிச்சு. உனக்குக் கேக்கலியா?"

ஆலையில் ஆண்டுதோறும் நடக்கும் செவிப் பரிசோதனையில், வேலை போய்விடுமென்று அஞ்சி, ஒலிப் பொத்தானை அழுத்தும் ஊழியரின் விரலைப் பார்த்தே அவர் கையைத் தூக்கி வந்தார். ஒவ்வொரு முறையும் தேறினார்.

"எந்தப் பொட்டியாயிருந்தா இன்னா, நீங்களே பாத்துக்கோங்க" என்று கிட்டாரை உறையிலிட்டார். மறு ஞாயிறு அவர் சபைக்கு வரவில்லை.