மோருக்குக் கட்டிக்கொடுத்த உப்பு

செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு ஓர் இரும்புக்கடை இருந்தது. ஆணி, கீல், பெயிண்ட், தச்சர்கள் வாங்கிப்போகும் வார்னிஷ் எல்லாம் கிடைக்கும். கடையை நடத்திய என் வீட்டுக்காரருக்குக் காலையில் சாராயம் உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும். ஆணி நிறுக்கத் தராசைப் பிடித்தால் முள் நிற்காது.

அது மதுவிலக்குக் காலம். ஆனாலும் கோட்டை மலைக்குப் பின்னால் முள்ளுக்காட்டில் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். விறகு விற்கும் சாக்கில் ஒருவன் அதைத் தெருவுக்குள் கொண்டுவருவான். ஒரு கோடையில் ரெய்டு மேல் ரெய்டு வந்தது. ஊறல் பானைகளை உடைத்தார்கள். விறகுக்காரன் விலையை மூன்று மடங்கு ஏற்றிவிட்டான்.

"வெல ஏறினா தானா அடங்கிடுவான், பாத்துக்கினே இரு" என்றாள் நாத்தனார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓர் ஆணிகூட அதிகம் போட்டுவிடாத கஞ்ச மனுஷன். இந்த விலைக்கு எங்கே வாங்கப்போகிறார்!

ஆனால் சாயங்காலம் அதே தள்ளாட்டம். எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கல்லாவைப் பார்த்தேன், பணம் குறையவில்லை. என் நகைகள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. பாண்டிச்சேரிக்குப் போனால் தாராளமாகக் கிடைக்குமே என்று சட்டைப்பையில் பஸ் டிக்கெட் தேடினேன். ஒன்றும் இல்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்வந்தவரைக்கூட வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொன்னேன். சாராய நெடி இல்லை, வார்னிஷ் வாசனைதான் வந்தது. வார்னிஷ் விற்கிறவர் மேல் மல்லிகைப்பூவா மணக்கும்? விட்டுவிட்டேன்.

விறகுக்காரன்தான் கடனுக்கு ஊற்றுகிறான் என்று முடிவு கட்டி, அவனை நடுத்தெருவில் மடக்கினேன்.

"நீ கெட்டது பத்தாதா? என் குடும்பத்தையும் கெடுக்கணுமா?"

"இன்னாம்மா நீ! வெல ஏறினதிலேர்ந்து ஐயா என்கிட்ட வர்றதே இல்ல. சத்தியமா."

இவனாவது சத்தியமாவது! காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் அவர் புதிதாக ஒன்று கேட்டார். மத்தியானச் சாப்பாட்டோடு மோர் கொடுத்தனுப்புவேன். "வெயிலுக்கு உப்பு தூக்கலா இருந்தாதான் தாங்குது. தனியா ஒரு பொட்டலம் கட்டிக் குடு" என்றார். இந்த மனுஷனுக்கு உடம்பைப் பற்றி அக்கறை வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் அந்த உப்பை மட்டும் சந்தேகப்படவில்லை.

ஒருநாள் எப்படியும் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று சாப்பாட்டை நானே எடுத்துப்போனேன். உச்சி வெயில். தெருவில் தார் உருகிக் கிடந்தது. கடைக்குள் அவர் கையால் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரு? நீயா? இன்னாடி இது, பட்டப்பகல்ல இருட்டிக்கினு வருது? மழையா?"

நான் குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் வார்னிஷ் டின் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர். நான் கட்டிக்கொடுத்த உப்புப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. மோர்ச் செம்பு தொடாமல் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தவுடனே, "வார்னிஷா?" என்று கேட்டார். சாராய விலை ஏறியதிலிருந்து இப்படிக் கண் போய் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அதிகம் என்றார். வார்னிஷில் உப்பைப் போட்டுத் தெளியவைத்துக் குடிக்கிறார்களாம். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார். பார்வை திரும்பவில்லை. அட பாவி மனுஷா, கண்ணைக் கொடுத்தா குடிக்க வேண்டும்! ஆத்திரம் தீர அழுதேன். விலையை ஏற்றினால் கை நடுக்கம் நின்றுவிடும் என்று நம்பிய எல்லோர் மேலும், என் மேலும், எனக்கு ஆத்திரமாக வந்தது.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு காலையில் விறகுக்காரன் வாசலில் வந்து நின்றான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ரெய்டு ஓஞ்சிடுச்சும்மா. வெல பழையபடி எறங்கிடுச்சி. ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு."

அவன் கொண்டுவந்த விறகுக்கட்டிலிருந்தே ஒன்றை உருவி ஓங்கினேன். தெருக்கோடி வரை ஓடினான். மூச்சு வாங்கத் திரும்பி உள்ளே வந்தேன். கட்டிலில் இருந்தவர் என் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னா வெல சொல்றான்?" என்று கேட்டார்.