சைரன் சத்தத்துக்குக் கைதட்டியவர்கள்

இன்று லீவு. பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில், செத்துப்போன ஆற்றைப் பற்றி ஒளியும் ஒலியுமாய் ஒரு கண்காட்சி. என்னோடு டீ பேக்டரியில் வேலை செய்யும் சரசு அக்காவையும் கூட்டிப்போனேன். அக்காவுக்கு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில், அணைக்குக் கீழே வீடு. அணையைத் திறந்துவிட்டுச் சேற்று வெள்ளம் வந்தபோது அந்த வீட்டில்தான் இருந்தார்.

இருட்டு ஹால். தரையெல்லாம் நீல வெளிச்சம், ஆறு ஓடும் சத்தம். பிறகு வெளிச்சம் பழுப்பானது. திடீரென்று சைரன்.

அணையைத் திறக்கும்முன் லெம்பாவில் அடிக்கும் அதே சைரன்.

அக்கா யோசிக்கவே இல்லை. ஒரு கையில் என்னையும், மறு கையில் பக்கத்தில் நின்ற ஆளையும் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். "மேல ஏறுங்கலா, தண்ணி வருது."

பின்னால் கைதட்டல். எல்லார் கையிலும் போன், எங்களைப் படம் பிடித்தபடி.

அக்கா இழுத்து வந்த ஆள்தான் கண்காட்சியை அமைத்த கோலாலம்பூர் கலைஞராம். படியில் நின்று சிரித்தார். "செம்ம ரியாக்‌ஷன்கா. நாளைக்கும் வந்து இதே மாதிரி ஓடுறீங்களா?"

அக்கா அவர் கையை விட்டார். "ஒன்னையும் சேத்துத்தான தம்பி இழுத்தேன்."

என்னைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி வெளியே நடந்தார்.

இப்போது அந்த வீடியோ கண்காட்சிக்காரர்களின் இணையப் பக்கத்தில் ஓடுகிறது. "கலை மனிதரை உலுக்கும்" என்று தலைப்பு வேறு.

சிரிக்கும் எமோஜி போட்டவர்களில் நம் தோட்டத்து லயத்து ஆட்களும் இருக்கிறீர்கள். நிஜச் சைரன் அடித்தால் ஓடுவீர்களா, கைதட்டுவீர்களா? கமெண்டில் சொல்லிவிடுங்கள். யாரை இழுத்துக்கொண்டு ஓடுவது என்று அக்கா முடிவு செய்யட்டும்.