சாவடியில் கட்டிய கூறை

எங்கள் வில்லியனூர்ப் பக்கத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுத்தான் கல்யாணம் நடக்கும். எனக்கு மட்டும் மயிலம் மலை. சிறுவயதில் எனக்கு அம்மை கண்டபோது, பிழைத்தால் இவள் கல்யாணம் முருகன் சந்நிதியில்தான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். மலையோ இங்கிலீஷ்காரன் சீமையில். நாங்கள் பிரெஞ்சுக்காரன் குடிகள். நடுவில் ஒரு சுங்கச்சாவடி.

சாவடியை ஏய்ப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். உடுத்திய துணிக்கு வரி கிடையாது. அதனால் வேட்டிமேல் வேட்டி, புடவைமேல் புடவை என்று ஊதிப்போய்த்தான் எல்லை தாண்டுவோம். அன்றும் அப்படித்தான் இரண்டு வீட்டாரும் சேர்ந்து மாட்டு வண்டிகளில் போனோம். கூறைப் புடவையை மட்டும் யாரும் உடுத்த முடியாது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் அது, முகூர்த்தத்தில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த பிறகுதான் பெண்ணின் உடம்பில் பட வேண்டும். மடிப்புக் கலையாமல் தாம்பாளத்தில் பளபளவென்று இருந்த அதுதான் சாவடிக்காரன் கண்ணில் முதலில் பட்டது.

"புதுப் பட்டு. வரி போடற அதிகாரி மத்தியானம்தான் வருவார். அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றான்.

முகூர்த்தம் காலையில். அப்பா கெஞ்சினார். மாமன்மார் கத்தினார்கள். எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. வண்டியிலிருந்து குதித்தேன், தாம்பாளத்தில் இருந்த கூறையை எடுத்தேன், வண்டி மறைவில் போய்க் கட்டியிருந்ததன் மேலேயே சுற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

"கட்டின பொடவைக்கு வரி உண்டா? சொல்லுய்யா!"

அவன் தடுப்புக் கட்டையைத் தூக்கினான். வண்டிகளை விட்டுவிட்டான். ஆனால் நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"முகூர்த்தம் பாக்காத கூறைய நடுரோட்டுல கட்டிக்கினு நிக்கறாளே! இனிமே தட்டுல இன்னாத்த வெப்பேன்? என் புள்ள எப்படித் தாலி கட்டுவான்?"

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. மலைப்படி ஏறும்போதும் பேசவில்லை. செய்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, ஆனால் பயம் இருந்தது. அவர் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால், பெண்ணோடு வந்த வண்டி பெண்ணோடுதான் திரும்ப வேண்டும்.

மேலே மண்டபத்தில் ஐயர் கூறையைக் கேட்டார். "மடிச்சுத் தட்டுல வெச்சுட்டா போச்சு" என்று என் அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மாமியாராகப் போகிற அத்தை காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்துப் போய்ப் பெண்களைச் சுற்றி நிற்க வைத்தார்.

"அவுருடி அத."

முடிந்தது கதை என்று நினைத்தேன். கூறையை அவிழ்த்துக் கொடுத்தேன். அவரோ தன் இடுப்புக் கொசுவத்தை உருவினார்.

"இது என் கல்யாணக் கூறை. முகூர்த்தம் பாத்த பொடவை, கொறை ஒண்ணும் வராது. இத தட்டுல வெக்கறேன், எல்லாரும் தொட்டுக் குடுக்கட்டும், நீ கட்டிக்கோ. நீ கட்டினத நான் கட்டிக்கறேன்."

"உங்களுக்கு தோஷம் வராதா அத்தை?"

"உன்ன மாதிரி மருமவ வந்த பெறவு தனியா வேற தோஷம் வரணுமாடி?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாயம் வெளுத்த அவர் புடவையில்தான் என் கழுத்தில் தாலி ஏறியது. எதிரே அரக்குப் பட்டில் ஜொலித்துக்கொண்டு அத்தை அட்சதை போட்டார். அந்தப் புதுக் கூறையை அவர் கடைசிவரை திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.