ரெண்டு ஓரமும் தேய்ந்த டயர்

ரெண்டு பேர் மட்டும் உட்காருகிற கார் வைத்திருக்கிற பொம்பளை சிவகாசியில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். லேபிள் அச்சடிக்கிற சின்ன பிரஸ் ஒன்று நடத்துகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் தாயில்பட்டியிலிருந்து தீப்பெட்டிக் கம்பெனி வேனில் வேலைக்கு வந்துபோனவள். அந்த வேனில் என் மடியில் ஒருத்தி, நான் இன்னொருத்தி மடியில். அந்த எரிச்சல்தான், பிரஸ் கொஞ்சம் நிமிர்ந்ததும், கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க வைத்தது. நீல நிறம், தரையோடு தரையாக இருக்கும். “நாலு பேரு போற மாதிரி வாங்கிருக்கலாம்ல” என்று கேட்காத ஆள் கிடையாது. “அதுக்குத்தான் பஸ்ஸு இருக்கே” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

போன தீபாவளி முடிந்த மறுவாரம், நல்ல மழையில் விருதுநகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஆமத்தூர் தாண்டி ஒரு வளைவில் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், அது பாட்டுக்கு நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி கருவேலம் புதருக்குள் போய் நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. காருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை; பிரஸ் லோடு வேன் டிரைவர் வந்து அதை எடுத்துப்போய் பிரஸ் வாசலில் நிறுத்தினார். ஆனால் அதற்கப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு கார் வரைக்கும் போவேன், கதவைத் திறக்காமலே திரும்பிவிடுவேன். வெட்கமாக இருந்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்ததால் வீட்டில்தான் இருந்தார். மதுரையிலிருந்து ஒருத்தர் காரை விலைக்குக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறாராம் என்றார். “நீ ஓட்டுறேன்னா சொல்லு, குடுக்கலேன்னு சொல்லிருவோம். ஓட்டலேன்னா எதுக்கு புள்ள அது சும்மா நின்னுக்கிட்டு?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் மறுபடி ஓட்டியாக வேண்டும், இல்லையென்றால் கார் போய்விடும். கார் போனால் நான் இனி எந்தக் காரையும் தொடமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எதற்கும் டயரைப் பார்ப்போம் என்று குனிந்தேன். பார்த்தால், ரெண்டு ஓரமும் மொழுமொழுவென்று வழுக்கை. நடுவில் மட்டும் கோடுகள் புதுசு மாதிரி இருந்தன. இது என்ன கூத்து என்று யோசித்தேன்.

பிரஸ்ஸில் உருளை சரியாக அழுத்துகிறதா என்று சந்தேகம் வந்தால் நாங்கள் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். மை தடவித் தாளில் பதித்துப் பார்த்துவிடுவோம். அதையே செய்தேன். டயருக்குக் கறுப்பு மை தடவி, வீணாய்ப் போன வழவழத் தாள்களைத் தரையில் விரித்து, பிரஸ்ஸில் வேலை பார்க்கிற பெண்களைக் காரைத் தள்ளச் சொன்னேன். “அக்கா, இந்த ஆர்டர் எந்தக் கம்பெனிக்கு?” என்று ஒருத்தி சிரித்தாள். தாளில் ரெண்டு ஓரத்தில் மட்டும் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. நடுவில் சுத்த வெள்ளை. விஷயம் புரிந்துவிட்டது. டயரில் காற்று போதவில்லை. அதனால் நடுப்பகுதி உள்ளே குழிந்து, ரெண்டு ஓரத்திலேயே வண்டி ஓடியிருக்கிறது.

ஆனால் நான் வாராவாரம் காற்றடிக்கிறவள் ஆயிற்றே. தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அவர் முன்னால் விரித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

“நான்தான் கொஞ்சம் எறக்கிவிடுவேன்” என்றார்.

“எத?”

“காத்த. காலையில, நீ எந்திரிக்கிறதுக்கு முன்னால. தீக்குச்சிய வச்சு வால்வ அமுக்கி, கொஞ்சூண்டு.”

“எதுக்கு?”

“நம்ம ஊரு வெயிலு என்னா அடி அடிக்கும். நீ வேற வேகமாப் போறவ. இறுக்கமா இருந்தா வெடிச்சிரும்ல.”

பட்டாசுக்காரருக்கு அப்படித்தான் புத்தி போகும். தாளை இறுக்கிச் சுற்றி, சணலை இறுக்கிக் கட்டினால்தான் வெடி டமார் என்று வெடிக்கும். லூசாக இருந்தால் புஸ்ஸென்று போய்விடும். மீசை முளைத்த நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர், என் டயரையும் புஸ்ஸென்று போகிற வெடியாக ஆக்கிவைத்திருக்கிறார். டயர் விஷயம் அதற்கு நேர் எதிர் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? காற்றுக் குறைந்தால்தான் அது நெளிந்து நெளிந்து சூடாகும், மழைத் தண்ணீரைத் தள்ளமுடியாமல் அதன் மேலேயே மிதக்கும்.

“கொல்லப் பாத்தீகளே என்னய” என்று கத்திவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. விடியுமுன்னே ஒரு மனுஷன் தீக்குச்சியோடு நாலு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், நான் செத்துவிடக் கூடாதென்று. திட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. ஆனால் அந்த வளைவில் தவறியது என் கை இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை டயர் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

பிரஸ் லோடு வேன் டிரைவர் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு விருதுநகர் டயர்க் கடைக்குப் போனார். நானும் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனோம். கடைக்கார அண்ணாச்சி முதலில் பந்தயக் கார் டயர் மாதிரி ஒன்றைக் காட்டினார். பேருக்குத்தான் கோடு இருந்தது. “இதப் போட்டீகன்னா ரோட்ட அப்படியே கவ்விக்கிட்டுப் போகும்.”

“மழையில?”

“மழையில கொஞ்சம் பதனமாப் போங்க.”

அதை ஓரமாக வைக்கச் சொன்னேன். அடுத்தது ரொம்ப நாள் உழைக்குமாம். நகத்தால் அழுத்தினால் கட்டை மாதிரி இருந்தது. மூன்றாவதில் தண்ணீர் வெளியேற அகலமாக நாலு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள், ரப்பரும் மிருது. “இது சீக்கிரம் தேஞ்சிருமே” என்று அண்ணாச்சி இழுத்தார். தேயட்டும், நடுவிலும் தேயட்டும் என்றேன். முன் டயர் ஒரு சைஸ், பின் டயர் ஒரு சைஸ். பின்னால் மட்டும் மாற்றினால் போதுமே என்றார் அண்ணாச்சி. நாலையும் கழற்றச் சொன்னேன். டயர் விலாவில் அது தயாரான வாரமும் வருஷமும் இலக்கமாக இருக்கும். அவர் எடுத்துவைத்த நாலு புது டயரிலும் அதை வாசித்துப் பார்த்தால், ஒன்று மட்டும் கிழடு.

“அண்ணாச்சி, பழைய வருசத்துக் காலண்டர நான் கொண்டாந்து குடுத்தா உங்க சொவத்துல மாட்டுவீகளா?”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

காற்றடிக்கும்போது வீட்டுக்காரர் கடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கார்க் கதவோரம் ஒட்டியிருக்கிற காற்றுக் கணக்குப்படி முழுசாக அடிக்கச் சொன்னேன். டயர் கும்மென்று நிமிர்ந்தது. மழை தூற ஆரம்பித்திருந்தது. டிரைவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். நான் சாவியோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

“நீங்க அவரோட போங்க. நான் பையப் பைய வாரேன்” என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். அப்புறம் கார்க் கதவைத் திறந்து, முழங்கால் முகத்தில் இடிக்க, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. இறுக்கமாக இருந்தால் வெடிக்கும் என்று அந்த நிமிஷமும் மனசார நம்புகிற மனுஷன், நாலு டயர் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பிடிச்சுக்கிட என்ன இருக்கு இதுல?”

“ஒண்ணும் இல்ல.”

“சரி, எடு.”

ஆமத்தூர் தாண்டும்போது மழை வலுத்துவிட்டது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். ரோட்டின் சொரசொரப்பு கையில் தெரிந்தது. நான் திருப்பிய பக்கம் வண்டி திரும்பியது. அவ்வளவுதான். அவர் கண்ணை மூடியிருந்தாரா என்று நான் பார்க்கவில்லை.

திருத்தங்கல் வருவதற்குள் அவர் போன் அடித்தது. மதுரைக்காரர்தான், நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என்னால் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

“வண்டி குடுக்குறாப்ல இல்லங்க” என்றார் அவர். “எங்க வீட்ல ஓட்டிக்கிட்டு இருக்காக.”