ஒட்டோ பருத்ததும் லோட்டே பருத்ததும்

ஜெர்மனியின் ஹம் நகரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பதுதான் சிவப்பிரியாவின் வேலை. வயது நாற்பத்தொன்பது. காலை ஆறு மணிக்குச் சின்னக் காரில் புறப்பட்டால் மதியத்துக்குள் பதினொரு வீடு. எதற்கு எத்தனை நிமிடம் என்று நிறுவனம் எழுதியே கொடுத்திருந்தது. இறுக்கக் காலுறை மாட்ட ஆறு நிமிடம். தனியாக இருக்கும் கிழவியின் கதையைக் கேட்க நிமிடம் ஒதுக்கப்படவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே நிறுவனத்துக்குத் தெரியாது. அதைச் சிவப்பிரியா இலவசமாகச் செய்துவந்தார்.

அப்படிக் கதை கேட்ட வீடுகளில் ஒன்று ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப்பினுடையது. எண்பத்து மூன்று வயது அம்மையார். அவரோடு இரண்டு ஃபெரெட்டுகளும் வசித்தன. ஊர்க் கீரியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து, கண்ணைச் சுற்றித் திருடன் முகமூடி மாட்டிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் ஃபெரெட். ஆணுக்கு ஒட்டோ என்று பெயர், பெண்ணுக்கு லோட்டே. வாசம் மட்டும் கொஞ்சம் தாராளம்.

ஆகஸ்ட் மாதம் அம்மையார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஃபெரெட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. மியூனிக்கில் இருக்கும் மகனுக்கு விலங்குகள் என்றால் உயிர். வாட்ஸப் படத்தில்கூட ஒட்டோவைத் தோளில் போட்டுக்கொண்டுதான் சிரித்தார். ஆனால் அவற்றை யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்த அன்றைக்கென்று அவருக்கு ஒவ்வாமை தொடங்கிவிட்டது. அதற்குப் பரிகாரமாக, வளர்ப்பு முறை பற்றி ஒன்பது பக்க மின்னஞ்சல் அனுப்பினார். சிவப்பிரியா முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "இரண்டு வாரத்துக்கு நான் வைத்திருக்கிறேன்" என்று அவருக்குச் சொல்லிவிட்டார்.

வீட்டில் கணவர் டெனிஸ்டன் மூக்கைப் பொத்திக்கொண்டார். களஞ்சியத்தில் பாரம்தூக்கி வண்டி ஓட்டும் மனிதர், நாற்றத்துக்கு அஞ்சியவர் அல்லர். ஆனாலும் சொன்னார்: "இஞ்சப்பா, இந்த மணத்தோட மனுசர் இருக்க ஏலாது. இரண்டு கிழமையெண்டால் இரண்டு கிழமைதான்."

நான்காவது கிழமை அதே மனிதர் சோபாவில் படுத்திருக்க, அவருடைய சட்டைக்குள் ஒட்டோ தூங்கிக்கொண்டிருந்தது. மணம் பற்றிக் கேட்டதற்கு, "என்ன மணம்?" என்றார்.

ஒக்டோபரில் ஒட்டோ பருக்கத் தொடங்கியது. சமையலறைத் தராசில் பாத்திரத்தை வைத்து அதற்குள் விட்டு நிறுத்தார்கள். வந்தபோது ஆயிரத்து முந்நூறு கிராம் இருந்தது, ஆயிரத்து எழுநூறைத் தொட்டது. லோட்டேயும் எழுநூறிலிருந்து எண்ணூற்றிப் பத்துக்கு ஏறி, வயிறு பந்துபோல் உருண்டு நின்றது.

தேநீருக்கு வந்த கீழ்வீட்டுக் கமலாம்பிகை அக்கா பார்த்த உடனேயே தீர்ப்புச் சொன்னார். எவரைக் கண்டாலும் வணக்கத்துக்கு முன்பே மெலிந்துவிட்டாயா கொழுத்துவிட்டாயா என்று அறிவிப்பவர் அவர். இந்தச் சேவைக்குத் தராசு அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

"நல்லாக் கொழுத்திட்டினம். சந்தோசமா இருக்கினம் போல. பிரியா, நீயும் கொஞ்சம் சதை வைச்சிட்டாய் என்ன?"

சிவப்பிரியா சிரித்து வைத்தார். அக்கா போய்க் கதவு சாத்தியதும் கணவரிடம் விசாரணை ஆரம்பமானது.

"உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் ஏதும் குடுக்கிறனீங்களோ?"

"நானோ? ச்சீ."

"அப்ப மாரி பிஸ்கட் பெட்டி எப்பிடி இரண்டு நாளில முடிஞ்சுது?"

"நான் தின்னுறன்தானே."

"உங்களுக்கு டொக்டர் இனிப்பே தொடக்கூடாதெண்டு சொல்லியிருக்கிறார்."

டெனிஸ்டன் இரண்டு குற்றங்களில் எது சின்னது என்று ஒரு கணம் யோசித்தார். "சரி, ஒரு துண்டு. தேத்தண்ணியில தோய்ச்சு. அதுவும் ஒட்டோ கேட்டதாலதான்."

அன்றே கட்டுப்பாடு அமலானது. பிஸ்கட் பெட்டி பூட்டிய அலுமாரிக்குள் போனது. ஃபெரெட்டுகளின் சாப்பாடு பாதியாகக் குறைந்தது, அதுவும் காலையும் மாலையும் மட்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை தொங்கியது. மூன்று கிழமை கழித்து அதன் பலன் தெரிந்தது: டெனிஸ்டன் மூன்று கிலோ குறைந்திருந்தார். ஒட்டோ இன்னும் ஐம்பது கிராம் கூடியிருந்தது. லோட்டேயின் வயிறு அப்படியே நின்றது. அது இப்போது அலுமாரிக்குப் பின்னால் ஓடுவதில்லை. துணிக்கூடைக்குள் சுருண்டே கிடந்தது.

"கொழுத்தால் அசையப் பஞ்சிதானே. உமக்கும் எனக்கும் தெரியாததோ?" என்றார் டெனிஸ்டன்.

வாலின் அடியில் மயிர் கொட்டுவதைக் கண்ட பிறகுதான் சிவப்பிரியா விலங்கு வைத்தியரிடம் டெர்மின் எடுத்து நாள் குறித்தார். வைத்தியர் பிரிங்மன் சிறிய உருவம், பெரிய குரல். முதலில் ஒட்டோவைத் தூக்கி, கழுத்தையும் விலாவையும் பிடித்துப் பார்த்தார்.

"இதற்கு என்ன பிரச்சினை?"

"கூடக் கொழுத்துவிட்டது. சாப்பாட்டைக் குறைத்திருக்கிறோம்" என்றார் சிவப்பிரியா பெருமையாக.

"ஏன்?" வைத்தியர் உண்மையாகவே வியந்தார். "பகல் சுருங்கினால் ஃபெரெட் கொழுப்புச் சேர்க்கும். மூன்றில் ஒரு பங்கு எடைகூடக் கூடும். வசந்தத்தில் தானாகவே இறங்கிவிடும். இவற்றின் குடல் சின்னது, சில மணிக்கொரு தரம் சாப்பிட வேண்டும். இறைச்சிதான் சாப்பாடு. இனிப்பும் மாவும் கூடவே கூடாது. யாராவது பிஸ்கட் கொடுக்கிறீர்களா?"

டெனிஸ்டன் சுவரில் இருந்த பூனைப் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்தார்.

பிறகு லோட்டேயைத் தூக்கினார் வைத்தியர். பெரிய குரல் இறங்கியது. "உங்கள் விரலை இங்கே வையுங்கள்."

சிவப்பிரியா முதுகில் விரலை வைத்தார். முள்ளந்தண்டு கட்டை கட்டையாகத் தட்டுப்பட்டது. தொடையில் சதையே இல்லை. வயிறு மட்டும்தான் உருண்டிருந்தது.

"இது கொழுப்பு இல்லை. தசை கரைந்துகொண்டு போகிறது, வயிறு தொங்கிவிட்டது. கரைந்ததையும் வீங்கியதையும் தராசு சேர்த்துத்தான் காட்டும். மயிர் கொட்டுவதைப் பார்த்தால் அட்ரீனல் சுரப்பி வீங்கியிருக்க வேண்டும்."

சிவப்பிரியாவுக்குக் காது சூடாகியது. போன கோடையில் அவர் பராமரித்த கிழவர் ஒருவர் ஒரே கிழமையில் நான்கு கிலோ கூடியபோது, குடும்பமே சாப்பாடு பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தது. சிவப்பிரியாதான் கணுக்காலை அமத்திப் பார்த்தார். குழி அப்படியே நின்றது. இதயம் களைத்து உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று டொக்டரைக் கூப்பிட்டதும் அவர்தான். பதினெட்டு வருடமாக ஊரார் உடம்பையெல்லாம் தொட்டுப் பார்த்த கை, சொந்த வீட்டில் துணிக்கூடைக்குள் கிடந்த ஒன்றை ஒரு தரம் தடவிப் பார்க்கவில்லை. அட்டவணை மட்டும் போட்டது. அதுவும் நான்கு நிறப் பேனாக்களில்.

காரில் ஏறியதும் அழுதார். டெனிஸ்டன், "நான்தான் அந்தப் பஞ்சிக் கதையைச் சொன்னனான்" என்றார்.

ஸ்கான் எடுத்ததில் வைத்தியர் சொன்னது சரியாகவே இருந்தது. லோட்டேயின் தோலுக்கடியில் ஓர் அரிசிமணியளவு ஹோர்மோன் குச்சியை வைத்தார்கள். நோயை அறுத்தெறியாது, ஆனால் அடக்கி வைக்கும் என்றார் வைத்தியர். தேய்ந்தபின் புதிதாக வைக்க வேண்டும். கோழி இதயமும் ஈரலும் வாங்கி வந்து, வேளாவேளைக்குத் துண்டு துண்டாக டெனிஸ்டன் ஊட்டினார். சொந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தரம்கூடப் பால்போத்தல் பிடிக்காத மனிதர் என்பதைச் சிவப்பிரியா நினைவூட்டவில்லை. அதற்கும் ஒரு நாள் வரும்.

அப்போதுதான் அம்மையாரின் மகன் அனுப்பிய மின்னஞ்சலையும் சிவப்பிரியா முழுதாக வாசித்தார். ஏழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: ஒட்டோ ஒவ்வொரு ஒக்டோபரிலும் பருக்கும், பயப்பட வேண்டாம். லோட்டே பற்றி ஒரு வரியும் இல்லை. ஒன்பது பக்கம் எழுதியவரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஜனவரி கடைசியில் லோட்டேயின் வாலில் பூனைமயிர் போல ஏதோ முளைத்தது. பெப்ரவரியில் அது மறுபடி அலுமாரிக்குப் பின்னால் ஓடியது. கமலாம்பிகை அக்கா வந்து, "ஐயோ, மெலிஞ்சு போச்சுது, சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்றார்.

"அக்கா, தூக்கிப் பாருங்கோ. பார்த்திட்டுச் சொல்லுங்கோ" என்று அவர் மடியிலேயே வைத்தார் சிவப்பிரியா. அக்கா கத்திய கத்தலில் மூன்றாம் மாடி எட்டிப் பார்த்தது. அதன்பின் அந்த வீட்டில் எவருடைய எடையைப் பற்றியும் அவர் கருத்துச் சொல்லவில்லை.

மார்ச்சில் இரண்டையும் கூட்டில் வைத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். விலங்கு உள்ளே வர அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், 'வருகையின் நோக்கம்' உட்பட. டெனிஸ்டன் 'அம்மாவைப் பார்க்க' என்று எழுதினார். இல்ல மேலாளர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப் நிறைய இளைத்திருந்தார். லோட்டேயை மடியில் வாங்கி, கேட்காமலே முதுகெலும்பின் மேல் விரலை ஓடவிட்டார். "நோயாக இருந்தாள், என்ன?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் சிவப்பிரியா. பிறகு ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னார், அட்டவணையையும் மறைக்காமல்.

"நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான்கு வருடம் வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை" என்றார் அம்மையார். இரண்டு கிழமைக் கெடுவைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இதற்கிடையில், கூடவே வந்த மேலாளர் மேசையில் வைத்திருந்த சாவிக்கொத்தை ஒட்டோ கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. மேலாளர் கோட்டோடு தரையில் படுத்தார். பக்கத்தில் டெனிஸ்டனும் படுத்தார். அம்மையார் கட்டிலில் இருந்தபடியே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.