என் பெயர் ஒட்டிய பை

முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் இருமக்கூடாது. எங்கள் பட்டுக்கடையில் அதுதான் முதல் சட்டம். மெத்தையில் உட்கார்ந்து, புடவையை என் தோளில் போட்டு பார்டர் காட்டுவது என் வேலை. மூன்று வாரமாக இருமல் விடவில்லை. நான் இருமியதும் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாளே முதலாளி எல்லோரையும் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். சளி வேண்டாம், ஊசி வேண்டாம், மூச்சை வைத்தே மெஷின் சொல்லிவிடுமாம். புதிதாக வந்தது, சோதித்துப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஊதி, மூடியைத் திருகிக் கொண்டுவர வேண்டும். பை மேல் என் பெயர் ஒட்டியிருந்தது.

வேலை போய்விடும் என்று பயந்தேன். பையை மனைவியிடம் நீட்டினேன். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவள் இல்லை அவள்.

"இன்னாங்க, உங்க மூச்சத்தானே கேக்குறாங்க?"

"ஊதுன்னா ஊது. கேள்வி கேட்டுக்கினு நிக்காத."

ஊதினாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். ஒரு பையை நிரப்பத் துப்பில்லையா என்று திட்டினேன்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். மூச்சில் காசநோய்க்கான அறிகுறி இருக்கிறது என்று சொல்லி, என்னைச் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் அனுப்பினார் டாக்டர். முடிவு கேட்கப் போனபோது அவளும் கூட வந்தாள். எனக்கு ஒன்றுமில்லை, வெறும் அலர்ஜி என்றார் டாக்டர்.

"மெஷின் தப்பா காட்டிடுச்சுபா. புதுசு இல்லியா, அப்படித்தான். தைரியமா போ."

கும்பிட்டேன். அவள் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதியது நானில்லை, இவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளையும் அங்கேயே பரிசோதித்திருப்பார்கள். ஆனால் நான் ஏமாற்றியது முதலாளி காதுக்குப் போய்விடுமே. சொல்லவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"அது நான் ஊதுனதுதானே?"

"மெஷினே தப்புன்னு டாக்டர் சொல்றாரு. உனக்கு இன்னா தெரியும்?"

சின்ன காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நான் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டேன்.